கல்யாணம் ஆகலை... குழந்தை வேணும்!

அவிநாசி கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும், முதலை உண்ட பாலகனின் கதை கேட்டிருப்பீர்கள். குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து சுந்தரர் அந்தத் தெரு வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகை. விசாரித்துவிட்டு அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. அதுவும் எப்படி? போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக!

எதிர்வீட்டு மேளச் சத்தத்தைக் கேட்டபடி உள்ளே உட்கார்ந்திருந்த அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். அதே தவிப்பு இன்றைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இப்போது தவிக்கிறவள் கழுத்தில் தாலி இல்லை. அதனால் வாய்விட்டு அழக்கூட முடியாது.

உங்களுக்கு 38 வயசு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாவது முடித்ததும் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர் நீங்கள். செக்கிங்கில் ஆரம்பித்து, ஓவர்லாக் பழகி, இன்றைக்கு சூப்பர்வைசர். தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டுக்குத் தார்சு போட்டது எல்லாம் உங்கள் சம்பளத்தில். "உன்னோடதைப் பாக்கலாம் கண்ணு, மொதல்ல சின்னவளோடது முடியட்டும்" என்றார்கள். சின்னவளோடது முடிந்து, அவள் பையன் இப்போது ஆறாவது படிக்கிறான்! உங்களுக்கு வருகிற ஜாதகமெல்லாம் இரண்டாம் தாரம், ரெண்டு பிள்ளை, "கொஞ்சம் ஷுகர் இருக்குதுங்க" ரகம்.

ஒருநாள் ராத்திரி, தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது அந்த எண்ணம் வருகிறது. கல்யாணம்தான் ஆகலை. குழந்தையுமா இல்லைன்னு ஆகணும்?

இது சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. முடிவு உங்களுடையது. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கருமுட்டையைப் பற்றி யார் பேசுவார்கள்?

நீங்கள் முதல் ஆள் இல்லை

அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேன் மேட்ஸ் என்ற மனநல ஆலோசகர், இப்படித் தனியாகத் தாயாக விரும்பும் பெண்களுக்காக 1981-லேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். "அங்கெல்லாம் நடக்கும், நம்ம ஊர்ல நடக்குமா?" என்கிறீர்களா? கணவரைப் பிரிந்த நடிகை ரேவதி, ஐ.வி.எஃப். (அதாவது டெஸ்ட் ட்யூப் பேபி) முறையில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானதை 2018-ல் வெளியில் சொன்னார். கல்யாணமே செய்துகொள்ளாத கன்னட நடிகை பாவனா ராமண்ணா, தன் 40-வது வயதில், தானமாகக் கிடைத்த விந்தணு மூலம் இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார். அவருக்குக் கடைசியில் ஒரு குழந்தைதான் தங்கியது. அந்தச் செய்தியையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

"நடிகைகளுக்கு எல்லாம் சரி, நமக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத் திருச்சிக்குப் போக வேண்டும்.

கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்த ஒரு பெண், விந்தணு தானம் பெற்றுக் கருத்தரித்து, 2017 ஏப்ரலில் திருச்சியில் பெண் குழந்தை பெற்றார். சிகிச்சைக் காலத்தில் கூடமாட உதவியாக இருந்த ஒருவரின் பெயர், பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் என்ற இடத்தில் ஏறிவிட்டது. கூட வந்த ஆண் என்றால் அவர்தான் அப்பா என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்! அந்தப் பெயரை எடுங்கள் என்று கேட்டால், பிழை இருந்தால் திருத்தலாம், பெயரையே நீக்க முடியாது என்றது மாநகராட்சி. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, இது எங்கள் அதிகாரத்தில் வராது என்றார்கள். முன்னாள் கணவரும், பெயர் ஏறிய அந்த நபரும், குழந்தைக்குத் தகப்பன் நானில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. பெயரை நீக்கி, தகப்பனார் இடத்தை வெறுமையாக விட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று 2018-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கு அடித்தளம் சுப்ரீம் கோர்ட் 2015 ஜூலையில் கொடுத்த ஒரு தீர்ப்பு. தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்குத் திருமணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும் என்றது. பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. தனியாக வளர்க்கும் தாய் என்றால் பான் கார்டுக்கும் அப்பா பெயர் கட்டாயம் இல்லை என்று 2018-ல் வந்தது.

ஆக, காகிதத்தில் வழி இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவள்தான் ஜெயிப்பாள். இன்னொன்று, பிரசவமான ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிவதற்கு ஒரு படிவம் எழுதுவார்கள். மயக்கத்தில் இருந்தாலும் அதை நீங்களோ, விவரம் தெரிந்த உங்கள் ஆளோ படித்துப் பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். திருச்சிப் பெண்ணின் அத்தனை அலைச்சலும் அந்த ஒரு வரியில் வந்தது.

சட்டம் எதற்குச் சரி சொல்கிறது?

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி 21 வயசுக்கு மேல், 50 வயசுக்குள் இருக்கும் பெண் சிகிச்சை பெறலாம். கல்யாணமானவளா, ஆகாதவளா என்ற நிபந்தனை இல்லை.

ஆனால் விந்தணுவைப் பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வாங்க வேண்டும். "கூட வேலை பார்க்கிற நல்ல மனுஷன் ஒருத்தர் தர்றேங்கிறார்" என்பதெல்லாம் நடக்காது. நடக்காததும் நல்லதுதான், பத்து வருஷம் கழித்து அந்த நல்ல மனுஷன் குழந்தையைக் கேட்டு வந்தால்? வங்கி மூலம் தானம் செய்தவருக்குக் குழந்தை மேல் எந்த உரிமையும் கிடையாது. அவர் யாரென்று உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகிய நோய்கள் அவருக்கு இல்லை என்று சோதித்த பிறகே தானத்தை ஏற்கிறார்கள். பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க முழுக்க உங்கள் வாரிசு.

வாடகைத் தாய் வழி மட்டும் உங்களுக்கு மூடியிருக்கிறது. தனிப் பெண்களில் 35 முதல் 45 வயசு வரையுள்ள விதவைக்கும் விவாகரத்தானவருக்கும்தான் அந்தச் சட்டம் அனுமதி தருகிறது. கல்யாணமே ஆகாதவளுக்கு இல்லை. ஒரு தடவை கல்யாணமாகி முறிந்திருந்தால் தகுதி, ஆகாமலே இருந்தால் தகுதியில்லை என்பது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

கருமுட்டைக்குக் கருணை கிடையாது

சுந்தரர் மீட்ட பிள்ளைக்குப் போன வருஷங்களும் சேர்ந்து கிடைத்தன. நமக்குக் கிடைக்காது. இங்கேதான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் அனைத்தும் உள்ளே இருக்கும், ஏறத்தாழ பத்து லட்சம். புதிதாக ஒன்றுகூட உற்பத்தியாகாது. வயசுக்கு வரும்போது மூன்று லட்சம் போல மிஞ்சும். 37 வயசில் சுமார் 25 ஆயிரம். "அட, அது போதாதா?" என்று தோன்றும். எண்ணிக்கை குறைவதோடு தரமும் குறைகிறதே, சிக்கல் அங்கேதான். வயசான முட்டையில் குரோமோசோம் பிரிவதில் தப்பு நேரும். அதனால் கரு தங்காது, தங்கினாலும் கலையும், அல்லது குறையோடு வளரும். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை 25 வயசுத் தாய்க்கு 1,250 பிரசவத்தில் ஒன்று என்றால், 35-ல் 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று.

"இப்பத்தான் டெஸ்ட் ட்யூப் இருக்குதே!" இது பலருக்கும் உள்ள தப்பான தைரியம். ஐ.வி.எஃப். முட்டையின் வயசைக் குறைப்பதில்லை. இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு வெளியிடும் கணக்கில், கருப்பையில் வைக்கும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு, 35 வயசுக்குள் மூன்றில் ஒன்று. 40 முதல் 42-க்குள் பத்தில் ஒன்று. 43-க்கு மேல் இருபதில் ஒன்று. எல்லாம் சொந்த முட்டை என்றால்தான் இந்தக் கணக்கு. விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் குழந்தை, இதில் எந்த வயசுக் கணக்கில் பிறந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

38-க்கும் 41-க்கும் இடையில் மூன்று வருஷம்தான். சம்பளக் கணக்கில் அது ஒன்றுமில்லை. கர்ப்பப்பைக் கணக்கில் அது ஏறக்குறைய எல்லாமே. "அடுத்த தீபாவளி போனஸ் வரட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், அம்மாகிட்ட மெதுவா சொல்லலாம்" என்று தள்ளிப் போடுகிறீர்களே, அப்படித் தள்ளிக்கொண்டே இருந்தால் நீங்கள் முடிவெடுக்காமலே முடிவாகிவிடும்.

முட்டைகளை எடுத்து உறைய வைக்கலாமே என்றால், வைக்கலாம். சட்டப்படி பத்து வருஷம் வரை. ஆனால் 30-ல் வைத்த முட்டைக்கும் 39-ல் வைத்த முட்டைக்கும் உள்ள வித்தியாசம் இப்போது உங்களுக்கே தெரியும். "யோசிக்க அவகாசம்" என்று சொல்லி விற்கப்படும் இந்த ஏற்பாட்டை உங்கள் வயசில் நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

சொந்த முட்டை சரியில்லை என்றால், தானமாகக் கிடைக்கும் முட்டையைச் சொல்வார்கள். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் செய்யலாம் என்கிறது சட்டம். 2022-ல் நம் பக்கத்து ஈரோட்டில் வெளிவந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். 16 வயசுச் சிறுமியை, ஆதாரில் வயசைத் திருத்தி, பலமுறை கருமுட்டை விற்க வைத்திருந்தார்கள். எனவே எந்த மையத்துக்குப் போனாலும் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் நாற்காலியில் உட்காராதீர்கள். இன்னொன்றும் யோசியுங்கள். முட்டையும் தானம், விந்தணுவும் தானம் என்றால், குழந்தைக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை; சுமந்த சம்பந்தம் மட்டும்தான். அது போதும் என்கிறவர்களும் உண்டு. அதற்குத் தத்தே எடுக்கலாமே என்கிறவர்களும் உண்டு.

உடம்பு தாங்குமா?

தாங்கும், தயார் செய்தால். 35-க்கு மேல் முதல் பிரசவம் என்றால் ப்ளட் பிரஷர், கர்ப்பகால ஷுகர், சிசேரியன் மூன்றுக்கும் வாய்ப்பு கூடுதல். மிஷின் முன்னால் பத்து மணி நேரம், டீயும் பன்னும் காலைச் சாப்பாடு என்று இருபது வருஷம் ஓட்டிய உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கும்? ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால், முதலில் அதை ஏற்றுங்கள். தைராய்டு, ஷுகர், பிரஷர், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன், ருபெல்லா தடுப்பு இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே முடிய வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும்.

"ரெண்டு குழந்தையா பிறந்துட்டா ஒரே செலவுல முடிஞ்சிரும்க்கா" என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம்! இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவமும் தாய்க்குப் பிரஷரும் மிக அதிகம். ஒரு கரு மட்டும் வையுங்கள் என்று நீங்களே டாக்டரிடம் கேட்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, எளிய முறையான ஐ.யு.ஐ. சில ஆயிரங்களில் முடியும். வாய்ப்பும் அதற்கேற்பக் குறைவு. ஐ.வி.எஃப். ஒரு தடவைக்கே லட்சத்தைத் தாண்டும். முதல் தடவையே பலிக்கும் என்று நகையை அடகு வைக்காதீர்கள். எத்தனை தடவை, எவ்வளவு ரூபாய் வரை என்று ஆரம்பிக்கும் முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது தோல்விக்குப் பிறகு அழுதுகொண்டே கோடு போட முடியாது.

செவ்வாய்க்கிழமைக் கணக்கு

ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஊர் சொல்லும். ஆறு மாதம் சொல்லும். அப்புறம் வேறு கதை கிடைத்ததும் அங்கே போய்விடும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கன்டெய்னர் ஏற வேண்டிய நாள். குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். யாரிடம் விடுவீர்கள்? ஒரு காகிதத்தில் மூன்று பெயர் எழுதுங்கள். அம்மா பெயரை எழுதினால், பக்கத்திலேயே அவர் வயசையும் எழுதுங்கள். குழந்தைக்குப் பத்து வயசாகும்போது அவருக்கு என்ன வயசு என்றும் போடுங்கள். தங்கச்சி பெயரை எழுதினால், அவளிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். மனதுக்குள் எழுதினால் கணக்கில் சேராது. இரண்டு பெயராவது உறுதியாக நின்றால், ஆம்பிளை துணை இல்லாத வீட்டிலும் பிள்ளை நன்றாகவே வளரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்போக் குழுவினர், இப்படித் தனித்தாய் விரும்பிப் பெற்று வளர்க்கும் குழந்தைகளை, அப்பா அம்மா இருவரும் உள்ள வீட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பணக் கஷ்டமும் தாயின் மன அழுத்தமும் இருந்த வீட்டில்தான் குழந்தைக்குப் பிரச்னை கூடியது.

குழந்தை "எங்கப்பா எங்கே?" என்று கேட்கத்தான் கேட்கும். செத்துப் போனார், வெளிநாட்டில் இருக்கிறார் என்று கதை கட்டாதீர்கள். மூன்று நான்கு வயசிலேயே, புரிகிற அளவுக்கு உண்மையைச் சொல்லத் தொடங்குங்கள். பதின்மூன்று வயசில் பக்கத்து வீட்டு அத்தை மூலம் தெரிந்தால் தாங்காது. உங்களுக்குப் பிறகு குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதையும் உயிலில் எழுதிப் பதிந்து வைக்க வேண்டும். இது அபசகுனம் இல்லை. தனித்தாய்க்கு இது தடுப்பூசி மாதிரி.

கம்பெனி விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பிரசவ விடுமுறை 26 வாரம், சம்பளத்தோடு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சட்டம் பெண் என்றுதான் சொல்கிறது. மனைவி என்று சொல்லவில்லை. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அந்தப் பணம் அங்கிருந்து வரும். ஆனால் பீஸ் ரேட்டிலோ கான்ட்ராக்ட் கணக்கிலோ இருப்பவர்கள், தங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். கர்ப்பமான பிறகு பார்த்துப் பயனில்லை. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பெயருக்கு ஒரு தொட்டிலாவது இருக்கிறதா, போய்ப் பாருங்கள்.

தத்து எடுப்பதற்கும் வயசுண்டு

சுஷ்மிதா சென் 2000-லேயே தனியாகத் தத்தெடுத்தார். நம் ஷோபனாவும் எடுத்தார். தனிப் பெண் ஆண் குழந்தையையும் எடுக்கலாம், பெண் குழந்தையையும் எடுக்கலாம். ஆனால் 2022 விதிகளின்படி, இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தனிப் பெண்ணுக்கு 40 வயசுதான் உச்ச வரம்பு. 45 வரை என்றால் இரண்டிலிருந்து நாலு வயசுக் குழந்தை. 50 வரை என்றால் நாலிலிருந்து எட்டு. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், 38-ல் பதிகிறவளுக்கே கைக்குழந்தை கிடைப்பது சந்தேகம். பெரிய குழந்தைக்கும் மனதைத் தயார் செய்ய வேண்டும். விவரத்துக்குத் திருப்பூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். "ஆஸ்பத்திரியிலயே ஒரு குழந்தை இருக்குது, ரெண்டு லட்சம் குடுத்தாப் போதும்" என்று யாராவது வந்தால், அது தத்து இல்லை, குற்றம். நாளைக்குப் போலீஸ் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்.

இத்தனையும் படித்துவிட்டு, "வேண்டாங்க்கா, எனக்கு இது முடியாது" என்று தோன்றுகிறதா? தாராளமாக வேண்டாம். தம்பி, தங்கைக்கெல்லாம் அம்மாவாக இருந்து முடித்தவருக்கு, இனிமேலாவது காலை ஏழு மணி வரை தூங்க உரிமை இல்லையா என்ன? இரண்டு நாளில் மனசு மாறினாலும் பரவாயில்லை. நாலு வருஷம் கழித்து மாறினால்தான் கஷ்டம்.

எப்படியானாலும், முடிவுக்கு முன் ஒரு டெஸ்டும் ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையை மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். அது முட்டையின் எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. நன்றாக வந்துவிட்டது என்று மறுபடியும் இரண்டு வருஷம் தள்ளிப் போட வேண்டாம். ஸ்கேனை மாதவிலக்கான இரண்டாவது, மூன்றாவது நாளில் எடுக்கச் சொல்வார்கள். சங்கடப்படாமல் போங்கள். கல்யாணம் ஆகாதவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதா, உள்ளே வைத்துப் பார்ப்பதா என்று உங்களைக் கேட்டே செய்வார்கள். வரவேற்பில் உள்ள பெண் "ஹஸ்பண்ட் நேம்?" என்று கேட்டால், கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள்.